அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ரைட்டிங் சென்டர்: புதிதாகச் சேரும் முதுநிலை, ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் எம்.எஸ். படிப்பிலோ முனைவர் பட்ட ஆய்விலோ சேரப்போகும் மாணவர்கள், ஆகஸ்டில் விமானம் ஏறுவதற்குள் விசா, தடுப்பூசி, வாடகை வீடு, பிரஷர் குக்கர் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டுவிடுகிறார்கள். எழுத்து வேலைக்கு யாரும் பட்டியல் போடுவதில்லை. செமஸ்டர் தொடங்கிச் சில வாரங்களில்தான் அதன் கனம் தெரிகிறது. நம் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வுதான் பெரும்பாலும் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும். அங்கே பல பாடங்களில் எழுத்துத் தேர்வே இருக்காது. வாராவாரம் இரண்டு பக்க விமர்சனக் குறிப்பு, நடுவில் ஆய்வு முன்மொழிவு, முடிவில் 15 அல்லது 20 பக்கக் கட்டுரை. பொறியியல் மாணவருக்கும் இதிலிருந்து விலக்குக் கிடையாது. டோஃபலில் நல்ல மதிப்பெண் வாங்கியவரும் இங்கே திணறுவார். அந்தத் தேர்வு மொழி தெரியுமா என்று பார்க்கிறது, இந்தக் கட்டுரைகளோ ஒரு வாதத்தைக் கட்டி நிறுத்தத் தெரியுமா என்று பார்க்கின்றன.

இதற்கென்றே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ரைட்டிங் சென்டர் என்ற எழுத்து உதவி மையம் இருக்கிறது. தனிக் கட்டணம் இருக்காது. நீங்கள் கட்டும் கட்டணத்திலேயே அதன் செலவும் அடங்கியிருக்கிறது. அப்படியிருந்தும் நம் மாணவர்களில் பலர் அந்தப் பக்கம் போவதில்லை. உதவி கேட்டால் ஆங்கிலம் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் ஒன்று, இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நமக்கு இது எதற்கு என்ற எண்ணம் ஒன்று. இரண்டுமே வீண். நான் இத்தகைய மையமொன்றில் ஆலோசகராக இருந்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆய்வு மாணவர்கள் தவறாமல் வந்தார்கள். ஆய்வேட்டின் ஒவ்வோர் இயலுக்கும் வந்தவர்கள் உண்டு. தயங்கி நின்றவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்தான்.

எந்தப் பெயரில் தேடுவது

பெயர் இடத்துக்கு இடம் மாறும். ஸ்டான்ஃபோர்டில் அது ஹியூம் சென்டர், மிச்சிகனில் ஸ்வீட்லேண்ட் சென்டர். கார்னெல்லில் பொதுவான மையத்தோடு, பிற நாட்டு முதுநிலை மாணவர்களுக்கென்று இங்கிலீஷ் லாங்குவேஜ் சப்போர்ட் ஆபீஸ் தனியாக இருக்கிறது. எல்லை தாண்டி டொராண்டோவில் முதுநிலை மாணவர்களுக்கு மட்டுமான கிராஜுவேட் சென்டர் ஃபார் அகடமிக் கம்யூனிகேஷன். உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரோடு 'கிராஜுவேட் ரைட்டிங்' என்று சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும். நூலகத்திலும், முதுநிலைப் படிப்புகளைக் கவனிக்கும் கிராஜுவேட் ஸ்கூல் அலுவலகத்திலும், உங்கள் துறையிலும் வேறு உதவிகள் இருக்கலாம். அவற்றையும் கேட்டு வையுங்கள்.

அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பேராசிரியர்கள் அல்லர். பயிற்சி பெற்ற மாணவர்கள், சில இடங்களில் முழுநேர ஊழியர்கள். இளநிலை மாணவர்களும் ஆலோசகர்களாக இருப்பார்கள் என்பதால், முன்பதிவு செய்யும்போது முதுநிலை ஆலோசகரைத் தேர்ந்தெடுங்கள். அவர் உங்கள் துறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. கணிப்பொறி அறிவியல் கட்டுரையை ஒரு வரலாற்று மாணவர் படித்து "இந்த இடத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்று சொல்வதில் லாபம் உண்டு. துறைக்காரர் படித்தால், நீங்கள் விட்ட இடத்தைத் தம் அறிவால் நிரப்பிக்கொண்டு போய்விடுவார்.

இது பிழை திருத்திக் கொடுக்கும் இடம் இல்லை என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கொடுத்து மாலையில் சிவப்பு மையோடு திரும்ப வாங்கும் ஏற்பாடு அங்கே கிடையாது. எழுத்தைச் சீராக்குவதைவிட எழுதுபவரைத் தேர்ச்சி பெறச் செய்வதே மையத்தின் வேலை என்று எழுத்துக் கல்வி ஆய்வாளர் ஸ்டீபன் நார்த் 1984இல் எழுதினார். அமெரிக்க மையங்கள் பலவும் அந்தக் கொள்கையில்தான் நடக்கின்றன. முதல் முறை போகிறவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் முனைவர் பட்டத்துக்கு இருநூறு பக்கம் எழுத வேண்டியவருக்கு வேறு எந்த ஏற்பாடும் உதவாது என்பது என் உறுதியான கருத்து.

வகுப்பு தொடங்கிய முதல் வாரத்தில்

கட்டுரை ஒன்றும் கையில் இல்லாத அந்த வாரத்திலேயே மையத்தில் முன்பதிவுக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள். பல மையங்கள் டபிள்யூசி ஆன்லைன் என்ற முன்பதிவு முறையைப் பயன்படுத்துகின்றன. பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு பதிவு செய்யலாம். வாரத்துக்கு எத்தனை முறை வரலாம், ஒரு அமர்வு 30 நிமிடமா, 50 நிமிடமா, ஒரு மணி நேரமா என்பதெல்லாம் அங்கேயே எழுதியிருக்கும். சொல்லாமல் வராமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் படித்துவிடுங்கள். இரண்டு மூன்று முறை அப்படி நடந்தால் அந்த செமஸ்டர் முழுக்கக் கணக்கை முடக்கும் மையங்கள் உண்டு.

நேரில் உட்கார்ந்து பேசுவது, வீடியோ வழியாகப் பேசுவது, கட்டுரையை அனுப்பி எழுத்தில் கருத்துப் பெறுவது என்று மூன்று வகை அமர்வுகள் இருக்கும். நம்மவர்கள் மூன்றாவதைத்தான் விரும்புகிறார்கள், பேச வேண்டாம் என்பதால். முதல் சில முறையாவது நேரில் போகச் சொல்லுவேன். உங்கள் மனத்தில் இருப்பதற்கும் தாளில் இருப்பதற்கும் உள்ள இடைவெளி பேச்சில்தான் பிடிபடும்.

அக்டோபர் நடுப்பகுதியிலும், தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்த வாரங்களிலும், ஏப்ரலிலும் இடம் கிடைப்பது கடினம். கட்டுரைக்கான கெடு பாடத்திட்டத்தில் முதல் நாளே இருக்கிறது. அதற்குப் பத்து நாள் முன்னதாக ஒன்று, மூன்று நாள் முன்னதாக ஒன்று என்று அப்போதே பதிவு செய்துவிடுங்கள். எழுதி முடித்த பிறகு பதிவு செய்யலாம் என்று காத்திருப்பவருக்கு இடமும் கிடைக்காது, கிடைத்தாலும் திருத்த நேரம் இருக்காது. இடம் இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுங்கள். கடைசி நேரத்தில் ரத்து செய்பவர்கள் நிறையப் பேர்.

கையில் என்ன கொண்டுபோவது

பேராசிரியர் கொடுத்த கேள்வித்தாள் அல்லது குறிப்பு கட்டாயம் வேண்டும். அதைப் படிக்காமல் ஆலோசகரால் எதுவும் சொல்ல முடியாது. மதிப்பெண் பகிர்வுப் பட்டியல் இருந்தால் அதையும், முந்தைய கட்டுரையில் பேராசிரியர் எழுதிய கருத்துகளையும் கொண்டுபோங்கள். ஓரத்தில் 'ஸோ வாட்?' என்று எழுதியிருந்தால் அது திட்டு இல்லை. நீங்கள் சொன்ன செய்தியால் யாருக்கு என்ன பயன், உங்கள் வாதத்துக்கு அது எப்படித் துணை நிற்கிறது என்று கேட்கிறார். இத்தகைய குறிப்புகளுக்குப் பொருள் சொல்வதும் மையத்தின் வேலைதான்.

வரைவு முழுமையாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்றுமே எழுதவில்லை என்றாலும் போகலாம், எங்கிருந்து தொடங்குவது என்று பேசித் தீர்மானிப்பதற்கே ஓர் அமர்வு செலவானாலும் நஷ்டமில்லை. அரைகுறை வரைவோடு வருபவருக்கு அதிகம் உதவ முடியும். முழுதாக மெருகேற்றிவிட்டு வருபவர், அமைப்பை மாற்றச் சொன்னால் மனம் ஒடிந்துபோகிறார்.

பதிவு செய்யும்போது "இன்று எதில் உதவி வேண்டும்?" என்று ஒரு கட்டம் வரும். நம் மாணவர்கள் பலரும் அதில் 'கிராமர்' என்று ஒரே சொல்லை எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் முதல் இரண்டு பக்கத்து இலக்கணத்தோடு நேரம் தீர்ந்துவிடும். அதற்குப் பதிலாக, "மூன்றாம் பகுதியில் இரண்டு முறைகளை ஒப்பிடுகிறேன்; இரண்டாவதை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பது படிப்பவருக்கு விளங்குகிறதா?" என்று எழுதிப் பாருங்கள். அந்தக் கேள்வியை எழுதும்போதே பாதி விடை உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அமர்வில் நடப்பது

ஆலோசகர் பெரும்பாலும் உங்களையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுவார். கூச்சமாக இருக்கும். ஆனாலும் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில்தான் வாக்கியமும் தடுக்கியிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. சூழலியல் பொறியியல் படிக்கும் மாணவி ஒருவர் நிலத்தடி நீரிலிருந்து ஃபுளோரைடை நீக்கும் முறைகளைப் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃபுளோரைடு பாதிப்புக்குப் பெயர்போன தர்மபுரிதான் அவருக்கும் ஊர். முன்னாய்வுகளைப் பேசும் பத்தி இப்படிப் போகிறது: ஒரு ஆய்வுக் குழு ஊக்கப்படுத்திய அலுமினாவைப் பயன்படுத்தியது. இன்னொரு குழு எலும்புக் கரியைப் பயன்படுத்தியது. வேறொரு குழு ஆர்.ஓ. முறையைச் சோதித்தது. ஒவ்வொன்றுக்கும் ஆண்டும் சதவீதமும் சரியாகத் தரப்பட்டிருக்கின்றன. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

"இந்த மூன்றையும் ஏன் அடுத்தடுத்து வைத்திருக்கிறீர்கள்?" என்று ஆலோசகர் கேட்கிறார். மாணவி பேசத் தொடங்குகிறார். அலுமினா நன்றாக வேலை செய்யும்; ஆனால் தண்ணீரின் அமிலத்தன்மையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், அவ்வப்போது ரசாயனம் கொண்டு அதைப் புதுப்பிக்கவும் வேண்டும், கிராமத்தில் அதற்கு ஆள் கிடையாது. எலும்புக் கரி மலிவு. குடிநீரில் எலும்பா என்று பல சமூகத்தினர் ஏற்க மாட்டார்கள். ஆர்.ஓ.வுக்கு மின்சாரம் தடையில்லாமல் வேண்டும், கழிவாகப் போகும் தண்ணீரும் அதிகம். பராமரிக்க ஆளில்லாத, மின்சாரம் நிலையில்லாத ஊருக்கு எது பொருந்தும் என்பதுதான் தன்னுடைய ஆய்வு என்று முடிக்கிறார்.

அவர் பேசியதை ஆலோசகர் குறித்துக்கொண்டே வந்திருக்கிறார். தாளை மாணவியின் பக்கம் திருப்பி, "பத்தி இதுதான், இதையே எழுதுங்கள்" என்கிறார். யார் என்ன செய்தார்கள் என்ற வரிசை போய், எந்தக் குறை எந்த முறையில் இருக்கிறது என்ற வரிசை வந்துவிட்டது. கடைசி வாக்கியத்தில் தன் ஆய்வுக்கான இடமும் தானாக அமைந்துவிட்டது. இந்த ஒரு மாற்றத்தைக் கற்றுக்கொண்ட மாணவருக்கு முன்னாய்வுப் பகுதி பிறகு பெரும் சுமையாக இருக்காது. நம் மாணவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. தமக்குத் தெரிந்ததைத் தம் கருத்தாகச் சொல்லலாம் என்ற அனுமதியைத்தான் யாரும் அவர்களுக்குத் தந்ததில்லை.

இலக்கணம் பார்க்கவே மாட்டார்களா என்றால், பார்ப்பார்கள், வேறு விதமாக. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் ஆங்கிலத்தில் 'ஏ', 'தி' ஆகிய இரண்டும் விட்டுப்போவதும், தேவையில்லாத இடத்தில் வந்து நிற்பதும் வழக்கம். தமிழில் அவற்றுக்கு நேரான வேலையைச் செய்யும் சொற்கள் இல்லாததால் காது அவற்றைத் தேடுவதில்லை. ஆலோசகர் முதல் பக்கத்தில் நான்கைந்து இடங்களைக் காட்டுவார், இரண்டாம் பக்கத்தில் அதே வகைப் பிழையை நீங்களே தேடச் சொல்லுவார். ஒரு முறைக்கு ஒரு வகைப் பிழை போதும்.

அமர்வு முடிந்ததும் அறைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். பக்கத்து மேசையிலேயே கால் மணி நேரம் உட்கார்ந்து, பேசியதை வரைவில் ஏற்றிவிடுங்கள். மறுநாள் குறிப்பைப் பார்த்தால் பாதி விளங்காது.

நீங்கள் மையத்துக்குப் போனது பேராசிரியருக்குத் தெரியுமா என்று பலர் கேட்கிறார்கள். பொதுவாகத் தெரியாது. நீங்கள் விரும்பினால் மட்டும் ஒரு சிறு குறிப்பை அவருக்கு அனுப்பும் மையங்கள் உண்டு. சில பேராசிரியர்கள் அந்தக் குறிப்பைப் பார்த்து மகிழ்வதையும் கண்டிருக்கிறேன். முதல் ஆலோசகர் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் அடுத்த முறை வேறொருவரிடம் பதிவு செய்யலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துப்போகிறவர் கிடைத்துவிட்டால் செமஸ்டர் முழுக்க அவரையே பிடித்துக்கொள்ளுங்கள்.

மேற்கோளும் கருத்துத் திருட்டும்

இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். இந்தியாவில் யுஜிசி 2018இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி, பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை. அதைப் பழகியவர்கள், அமெரிக்காவிலும் 10 சதவீதம் வரை பாதுகாப்பு என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள். அங்கே அப்படியோர் எல்லைக்கோட்டை நம்பக் கூடாது. ஒப்புமையைக் கண்டறியும் 'டர்னிட்டின்' என்ற மென்பொருள் காட்டும் எண்ணை வைத்து மட்டும் யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை, பேராசிரியர் எதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பார்ப்பார். மேற்கோள் குறியில்லாத ஒரே ஒரு பத்தி விசாரணைக்குப் போதும். பாடத்தில் தோல்வி, இடைநீக்கம், அதற்கும் மேலே நீக்கம் என்றெல்லாம் அது போகலாம். மாணவர் விசாவில் இருப்பவருக்கு இடைநீக்கம் என்பது நாட்டில் தங்கும் உரிமையையே தொடும் விஷயம்.

பெரும்பாலும் சிக்குபவர்கள் திருடும் எண்ணம் உள்ளவர்கள் அல்லர். மூல வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு சொற்களை மாற்றுவதையே சொந்த நடையில் எழுதுவது என்று நினைப்பவர்கள். மூலத்தை மூடிவிட்டு, விளங்கியதை எழுதி, பிறகு திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஐயம் வந்தால் மூலத்தையும் உங்கள் பத்தியையும் எடுத்துக்கொண்டு ரைட்டிங் சென்டருக்குப் போங்கள். ஒப்படைக்கும் முன்பு கேட்பதற்கு எந்தத் தண்டனையும் இல்லை.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றிய விதி பாடத்துக்குப் பாடம் மாறுகிறது. ஒரு பேராசிரியர் இலக்கணச் சரிபார்ப்புக்கு அனுமதிப்பார், அடுத்தவர் எதற்குமே அனுமதிக்க மாட்டார். பாடத்திட்டத்தில் தெளிவில்லை என்றால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பணம் கொடுத்துப் பதிப்பாசிரியரிடம் ஆய்வேட்டைத் திருத்தக் கொடுப்பதும் அப்படித்தான், நெறியாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

மேற்கோள் நடை துறையைப் பொறுத்தது. உளவியலில் ஏபிஏ, மின்பொறியியலில் ஐஇஇஇ, வரலாற்றில் சிகாகோ. கையால் தட்டச்சு செய்து மாள முடியாது. மேற்கோள்களைச் சேமித்து வேண்டிய நடையில் தரும் ஜோட்டெரோ என்ற மென்பொருள் இலவசம், ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006இல் வெளிவந்தது. முதல் கட்டுரையைப் படிக்கும் நாளிலிருந்தே அதில் சேமித்து வாருங்கள். நூலகத்தில் உங்கள் துறைக்கென்று ஒரு நூலகர் இருப்பார், அவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் தேடும் வேலை பாதியாகக் குறையும்.

வீட்டில் இருந்தபடியே

விசா நேர்காணலுக்குக் காத்திருக்கும் மாதங்களில், சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ இலவசமாகப் பயன்படுத்தக்கூடியவை சில உண்டு. பர்டூ பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் எழுத்துக்கூடம் 1994இலிருந்து இயங்குகிறது, மேற்கோள் நடைகளுக்கு அதுதான் முதல் இடம். வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் மையம், பத்தி அமைப்பிலிருந்து ஆய்வேடு வரை தனித்தனிக் குறிப்புகளை வெளியிட்டிருக்கிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் தரும் அகடமிக் ஃப்ரேஸ்பேங்க், ஆய்வுக் கட்டுரைகளில் வழங்கும் வாக்கியத் தொடர்களை வகை பிரித்துத் தருகிறது. ஆனால் அதிலிருந்து அடுக்கடுக்காக எடுத்து ஒட்டினால் கட்டுரையில் உங்கள் குரல் இருக்காது.

என் விருப்பத்துக்குரியது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மிகஸ்ப் தொகுப்பு. அங்கே 'ஏ' தரம் பெற்ற மாணவர் கட்டுரைகளைத் துறைவாரியாகப் படிக்கலாம். நல்ல கட்டுரை எப்படி இருக்க வேண்டும் என்று ஆயிரம் விளக்கம் கேட்பதைவிட, உங்கள் துறையில் நான்கு கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொரு பத்திக்கும் எதிரே அதன் வேலை என்ன என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

ஆய்வேடு எழுதும் காலம்

பாடங்கள் முடிந்து ஆய்வேட்டில் இறங்கியபின் தேவை மாறிவிடுகிறது. இப்போது கெடு கிடையாது, வகுப்பு கிடையாது, நெறியாளர் மாதம் ஒருமுறை பார்க்கிறார். எழுதாமலேயே ஒரு செமஸ்டர் ஓடிவிடும். இந்தக் காலத்துக்குத் தொடர் ஆலோசனை உண்டா என்று மையத்தில் கேளுங்கள். ஒரே ஆலோசகரை வாராவாரம் சந்திக்கும் ஏற்பாடு அது. எழுத்துக் குழுக்களும் உண்டு. நான்கைந்து பேர் ஒரே அறையில் உட்கார்ந்து, இன்று என்ன எழுதப்போகிறோம் என்று சொல்லிவிட்டு, பேசாமல் இரண்டு மணி நேரம் எழுதுவார்கள். விடுமுறைக் காலங்களில் ஆய்வேடு எழுதுவதற்கென்றே சில நாள் முதல் ஒரு வாரம் வரை டிசர்டேஷன் பூட் கேம்ப் என்ற முகாம் நடத்துவார்கள். காபியும் மதிய உணவும் பல இடங்களில் இலவசம். தனிமையால் எழுத்து நின்றுபோன ஆய்வு மாணவர்களுக்கு இவை பெரிய ஆறுதல். அங்கே கிடைக்கும் நண்பர்கள் பட்டம் வாங்கும் வரை கூட வருவார்கள்.

முன்னுரை எழுதத் தெரியாமல் தவிப்பவர்களுக்கு, மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் வகுத்த மூன்று படிகளை ஆலோசகர்கள் காட்டுவார்கள். களம் எது, அது ஏன் முக்கியம் என்பது முதல் படி. அங்கே இன்னும் நிரப்பப்படாத இடம் எது என்பது இரண்டாவது. அந்த இடத்தை நான் எப்படி நிரப்புகிறேன் என்பது மூன்றாவது. பண்டைக் காலம் முதலே என்று தொடங்கும் பொதுப்பேச்சு மூன்றில் எதிலும் சேராது.

எது சரியான புள்ளியியல் முறை, எந்த முடிவு நிற்கும் என்பதை மையம் சொல்லாது. அது நெறியாளரும் ஆய்வுக்குழுவும் பார்க்க வேண்டியது. ஓரம் எத்தனை அங்குலம், பக்க எண் எப்படி என்பதைப் பார்ப்பது கிராஜுவேட் ஸ்கூல். அதற்கான கெடு வாய்மொழித் தேர்வுத் தேதியிலிருந்து வேறுபட்டிருக்கும், இரண்டு தேதிகளையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் தரும் வார்ப்புருக் கோப்பிலேயே முதல் இயலை எழுதத் தொடங்கினால் கடைசி வாரத்தில் அலைய வேண்டியிருக்காது.

இரண்டு மூன்று செமஸ்டர் இப்படிப் போய்வந்தவர்கள் மையத்தில் ஆலோசகராகச் சேர விண்ணப்பிக்கலாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஏற்கெனவே உதவியாளர் பணியில் இருந்தால் அந்த நேரமும் இந்தக் கணக்கில் சேரும் என்பதால், கையெழுத்திடும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். நீங்கள் எழுதிய கட்டுரை ஒன்றையும் நேர்காணலையும் வைத்துத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். ஆங்கிலம் உங்கள் தாய்மொழி இல்லை என்பதை விண்ணப்பத்தில் மறைக்க வேண்டாம், தெளிவாகவே எழுதுங்கள். பிற நாட்டு மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பட்டறிந்த ஆள் மையத்துக்கும் தேவை.